யாரும் பாடாத குரல்

பியூலாவின் கணவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லியே அவளைக் கிண்டல் செய்வார். பார்பர்ஷாப் பாட்டு. "முடிவெட்டக் கிளம்பியாச்சா?" என்பார். பக்கவாத்தியம் இல்லாமல் நான்கு குரல்கள் மட்டும் சேர்ந்து பாடுவது அது. முடிதிருத்தும் கடைகளில் பிறந்தது என்று சொல்வார்கள். அவர் போன பிறகு அவளுக்கு அந்தப் பாட்டே எல்லாம் என்று ஆயிற்று.

தூத்துக்குடியில் மூன்று பெண்களைப் பிடித்துக் குழுவைத் தொடங்கியவள் அவள்தான். எங்கே பாடுவது, என்ன சேலை கட்டுவது, யார் எப்போது வாயைத் திறப்பது, எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். மெட்டைப் பாடுகிறவளும் அவளே. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த மிராண்டா டீச்சர் அவளைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் டீச்சர் முன்னால் பியூலா கால்மேல் கால் போட மாட்டாள்.

அந்த வருஷம் கோத்தகிரியில் பாடகிகளுக்கென்று ஒரு பயிற்சி மாநாடு நடந்தது. நால்வரும் போனார்கள். வகுப்பெடுத்ததும் மிராண்டா டீச்சர்தான். குரல்கள் சுத்தமாக இழைந்தால் யாருமே பாடாத இன்னொரு குரல் தலைக்கு மேலே எழும் என்றார் அவர். அது எழும் குழுவுக்குத்தான் கடைசி நாள் மேடை.

மதுரைக்காரிகளுக்கு எழுந்தது. நேற்றுப் பாடத் தொடங்கிய நாகர்கோவில் பிள்ளைகளுக்குக்கூட எழுந்தது. பியூலா குழுவுக்கு மட்டும் வரவே இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

தங்கபுஷ்பம்தான் காரணம் என்று அவள் முடிவு செய்தாள். தங்கபுஷ்பம் அடிக்குரல் பாடுகிறவள். திட்டினால் சிரிப்பாள். பழி போடத் தோதான ஆள்.

டீச்சரை வராந்தாவில் பிடித்து, மேடைக்குத் தங்கபுஷ்பம் வேண்டாம், வேறு குழுவிலிருந்து ஒருத்தியைத் தாருங்கள் என்று கேட்டாள். இத்தனை வருஷம் அவளைச் சுமந்தது போதும் என்றும் சொன்னாள்.

டீச்சர் மறுக்கவில்லை. மூவரையும் அறைக்குள் நிற்கவைத்து, பாட்டின் கடைசி இழுப்பைப் பாடச் சொன்னார். பியூலாவை வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினார்.

"யாரு பிசகுதாங்கன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க, அக்கா."

பியூலா சந்தோஷமாகக் கதவில் காதை வைத்தாள். தங்கபுஷ்பத்தின் பிசகைக் கையோடு பிடித்துவிடலாம் என்றிருந்தாள்.

உள்ளே மூவரும் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு மேலே இன்னொரு குரல் கேட்டது. மெல்லியது, அசையாமல் நின்றது.

"உள்ள வேற யாரு டீச்சர் பாடுதா?"

"யாரும் இல்ல."

அவள் நம்பவில்லை. கதவைத் தள்ளினாள். மூன்று பேர்தான் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் தங்கபுஷ்பம் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். திருடிக்கொண்டிருந்தபோது மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

பியூலா கதவை மறுபடி சாத்தினாள். ஓங்கிப் பாடினால்தான் பாட்டு நிற்கும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். தன் குரலுக்கு அடியில் மற்றவர்கள் பாடுவதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"போன வருஷம் நீங்க டைபாய்டுல படுத்திருந்தப்ப மூணு பேராத்தான் வந்து பாடினாங்க. அன்னைக்கே எழும்பிச்சு."

அதற்குப் பிறகும் ஏன் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பியூலா கேட்டாள்.

டீச்சர் அவளை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"உங்களை எடுத்துடலாம்னு அன்னைக்குச் சொன்னது நான்தான், அக்கா. அப்படின்னா நானும் பாட மாட்டேன்னு நின்னது தங்கபுஷ்பம்."