செம்பியின் எறும்புக் கட்டு

ஒரு காட்டில் செம்பி என்றோர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில். முழ நீளத்துக்கு நாக்கு. எறும்பும் கறையானும்தான் அதன் சாப்பாடு. அதற்கு மூவரி என்றோர் அணில் சிநேகிதம். இரண்டுக்கும் ஒரே பைத்தியம், காடாட்டம்!

காடாட்டம் என்பது கைபேசியில் ஆடுகிற அட்டை விளையாட்டு. ஆளுக்கு முப்பது அட்டை வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டு என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று இலை கிடைக்கும். இலையைச் செலவழித்து அட்டையைக் களத்தில் இறக்க வேண்டும். எதிரியின் கோட்டையை உடைத்தால் வெற்றி.

யானை அட்டைக்கு ஒன்பது இலை. புலிக்கும் ஒன்பது. எறும்புக்கு ஒரே ஒரு இலை! ஆனால் எறும்பைத் தனியாக இறக்கினால் ஊதினாலே பறந்துவிடும். பக்கத்தில் இன்னோர் எறும்பு வந்தால் இரண்டுக்கும் பலம் கூடும். பத்து வந்தால் பத்துக்கும் கூடும். அதை யாரும் சட்டை செய்யவில்லை. எறும்பு அட்டை வந்தால் தூக்கி எறிந்தார்கள்.

செம்பி மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது. முழுக்க முழுக்க எறும்பாலேயே ஒரு கட்டு!

"எறும்பைத் தின்கிறவ எறும்பை வச்சே ஆடுறியே!" என்று மூவரி விழுந்து விழுந்து சிரித்தது.

"தின்கிறதுனாலதான் அதோட சங்கதியெல்லாம் எனக்குத் தெரியும்" என்றது செம்பி.

அந்த வருடமும் அறுபத்துநான்கு காடுகளுக்கும் சேர்த்துப் போட்டி அறிவித்தார்கள். இந்த முறை வெற்றி பெறுகிறவருடைய இனத்துக்குப் புதிதாக ஓர் அட்டை போடுவார்களாம்! காடாட்டத்தில் சிங்கத்துக்கு அட்டை உண்டு. முயலுக்கு உண்டு. இரத்தம் உறிஞ்சுகிற அட்டைக்குக்கூட அட்டை உண்டு! அழுங்குக்கு மட்டும் இல்லை. அப்படி ஒரு பிராணி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

செம்பி பெயர் கொடுத்தது. முதல் சுற்றில் ஒரு கரடியை வென்றது. அடுத்து ஒரு மயில். அதற்கடுத்து ஒரு முதலை! ஐந்து பேரை வென்று இறுதிச் சுற்றுக்கே வந்துவிட்டது. அங்கே எதிரி யார் தெரியுமா? மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டு நரி, சூரப்பன். மூன்று வருடமாக அதுதான் முதல் பரிசு.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சூரப்பன் கைபேசியில் கூப்பிட்டது.

"தங்கச்சி! நல்லா ஆடுறே! ஆனா இறுதி ஆட்டத்துக்குப் போய் எறும்பா? என்கிட்ட ஒரு பொன்புலி இருக்கு. உலகத்துலயே ஏழுதான் உண்டு. பத்து எறும்பு குடு, புலியை நீயே வச்சுக்க!"

திரையில் பொன்புலி தகதகவென்று மின்னியது. செம்பியின் கண்ணும் மின்னியது.

"வேணாம் அக்கா!" என்று மூவரி கத்தியது. "பத்து எறும்பு போனா உன் கட்டுல மிச்சம் என்ன இருக்கு?"

"பொன்புலிடா! யார் சும்மா குடுப்பாங்க?" என்ற செம்பி பொத்தானை அழுத்திவிட்டது. பத்து எறும்பு போயிற்று. புலி வந்தது.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் புலி சீக்கிரமே கைக்கு வந்தது. அதை இறக்க ஒன்பது இலை வேண்டுமே! செம்பி எறும்பை இறக்காமல் இலையைச் சேர்த்தது. மூன்றாம் சுற்றில் புலி இறங்கியது. ஒற்றைப் புலி! பக்கத்தில் துணைக்கு ஒன்றும் இல்லை. சூரப்பனின் யானையும் ஓநாய்களும் சேர்ந்து புலியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோட்டையை இடித்துத் தள்ளின.

"புலி எப்படித் தங்கச்சி?" என்று சூரப்பன் ஊளையிட்டுச் சிரித்தது.

செம்பிக்கு அழுகை வந்தது. "ஏமாந்துட்டேன் மூவரி. என் கட்டை நானே உடைச்சுட்டேன்."

"அழுறதுக்கு நேரம் இல்ல! இடைவேளை பத்து நிமிஷம்தான்! அட்டை மாத்துற சந்தையில போடு!"

செம்பி மளமளவென்று தட்டியது. 'பொன்புலி தருகிறேன். ஒன்பது எறும்பும் ஒரு புற்று அட்டையும் வேண்டும்.'

அடுத்த நொடியே எங்கோ ஒரு காட்டு முயலிடமிருந்து பதில் வந்தது. 'நிஜமாத்தான் சொல்றீங்களா? என்கிட்ட நாற்பது எறும்பு சும்மா கிடக்கு! எல்லாத்தையும் எடுத்துக்குங்க!'

'ஒன்பதும் புற்றும் போதும்' என்றது செம்பி.

மணி அடித்தது. இரண்டாம் ஆட்டம்! முதல் சுற்றில் மூன்று எறும்பு. இரண்டாம் சுற்றில் ஆறு. சூரப்பன் யானைக்கு இலை சேர்த்து முடிப்பதற்குள் எறும்புகள் கோட்டையைச் சல்லடையாக்கிவிட்டன. பார்த்துக்கொண்டிருந்த அறுபத்துநான்கு காடும் கூச்சல் போட்டது!

மூன்றாம் ஆட்டம். சூரப்பன் இந்த முறை கவனமாக ஆடியது. யானை இறங்கியது. ஓநாய்கள் இறங்கின. செம்பியின் எறும்புகளும் விடாமல் பெருகின. பன்னிரண்டு எறும்பு! நரியின் கோட்டை விரிசல் விட்டது.

"இன்னும் ரெண்டே அடி! அடி அக்கா, அடி!" என்று மூவரி கிளையில் குதித்தது.

செம்பி அடிக்கவில்லை. திரையையே உற்றுப் பார்த்தது. சூரப்பன் இரண்டு சுற்றாக எதையும் இறக்கவில்லை. இலையை மட்டும் சேர்த்துக்கொண்டே இருந்தது.

'ஏதோ பெரிசா வருது' என்று செம்பி நினைத்தது. பெரிய ஆபத்து வரும்போது நிஜ எறும்பு என்ன செய்யும்? சண்டைக்கு நிற்காது. முட்டையைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். அதை எத்தனை தடவை பார்த்து, பசியோடு திரும்பியிருக்கிறது செம்பி!

புற்று அட்டையை இறக்கியது. பன்னிரண்டு எறும்பும் உள்ளே போய்விட்டன.

"ஐயோ! ஜெயிக்கிற நேரத்துல ஒளிஞ்சுக்கிறியே!" என்று மூவரி தலையில் அடித்துக்கொண்டது.

"பயந்துட்டியா தங்கச்சி? இருந்தாலும் இதை வாங்கிக்க!" சூரப்பன் தன் கடைசி அட்டையை இறக்கியது. காட்டுத்தீ! திரை முழுக்கச் சிவந்தது. களத்தில் இருந்த அத்தனையும் எரிந்தது. சூரப்பனின் சொந்த யானையும் எரிந்தது. ஓநாய்களும் எரிந்தன.

புகை விலகியது. களம் வெறுமையாகக் கிடந்தது. நடுவில் மண் புற்று மட்டும் எரியாமல் நின்றது.

முதலில் ஓர் எறும்பு தலையை நீட்டியது. பிறகு இரண்டு. பிறகு பன்னிரண்டும் வரிசையாக வெளியே வந்தன. தடுக்க அங்கே யாரும் இல்லை!

"இரு, இரு தங்கச்சி!" என்று சூரப்பன் பதறியது.

ஓர் அடி! இன்னோர் அடி! கோட்டை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"ஜெயிச்சுட்டே அக்கா!" மூவரி கிளையிலிருந்து தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே கத்தியது. செம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே பந்தாகச் சுருண்டு சரிவில் கடகடவென்று உருண்டது. பின்னாலேயே மூவரி, "நில்லு! அழுங்கு அட்டைக்குப் பேர் கேக்கிறாங்க!" என்று கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

பளபளப்பைக் கண்டு மயங்காமல், தான் நன்றாக அறிந்ததை நம்பி ஆடுகிறவருக்கே வெற்றி கிடைக்கும்.