தோப்புக்கரணம் போட்ட ராஜா

முன்னொரு காலத்தில், மழை சொன்னபடி பெய்துகொண்டிருந்த காலத்தில், தேனாறு நாட்டைச் செம்பியரையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. கடைசியாக யார் காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அவருடைய ஒரே மகள் நன்முல்லைக்கு நாலு வயது. அமைச்சர் திருக்கண்ணர் அரண்மனை மாந்தோப்பில் சின்னஞ்சிறுசுகளுக்கென்று ஒரு மழலைக்கூடம் வைத்திருந்தார். இளவரசியும் குதிரைக்காரர் பிள்ளையும் சமையல்காரர் பிள்ளையும் அங்கே ஒன்றாக மண் பிசைவார்கள், எறும்பின் பின்னால் போவார்கள், வாய் ஓயாமல் கேள்வி கேட்பார்கள். எதைக் கேட்டாலும் அமைச்சர் உடனே பதில் சொல்லிவிடமாட்டார். "வா, பார்ப்போம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்.

அரசவைப் பண்டிதர் மறைக்காடருக்கு இது பொறுக்கவில்லை. தம்மைக் கலந்துகொள்ளாமல் நாட்டில் ஒரு பள்ளிக்கூடமா என்று வயிறெரிந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் சபைக்கு வந்தார். நன்முல்லை நேரே அவர் முன்னால் போய் நின்றாள். "மாமா, உங்க மீசை கறுப்பா இருக்கு, புருவம் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

மீசைக்குச் சாயம் பூசியிருந்த தூதர் நெளிந்தார். சபை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது. ராஜாவின் முகம் சிவந்துவிட்டது.

இதற்காகவே காத்திருந்த பண்டிதர் எழுந்தார். "பார்த்தீர்களா மகாராஜா, மாந்தோப்புப் படிப்பின் லட்சணத்தை? குழந்தை என்றால் சொன்னதைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் தோப்புக்கரணம் என்று ஆணை போடுங்கள். அந்தக் கூடத்தை மூடிவிட்டு இளவரசியை என்னிடம் விடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

திருக்கண்ணர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் கும்பிட்டார். "பண்டிதர் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள்? ஆணை அரண்மனையில் எல்லாருக்கும் இருக்கட்டும். பலிக்கிறதா என்று பௌர்ணமி வரை பார்த்துவிட்டுக் கூடத்தை மூடலாம். பண்டிதருக்குக் கஷ்டம் என்றால் வேண்டாம்."

"எனக்கென்ன கஷ்டம்? எல்லாம் கற்றுக் கரைத்துக் குடித்தவன் நான். எனக்குக் கேட்க என்ன இருக்கிறது?"

ராஜா விடுவாரா? "எனக்கும் ஒன்றுமில்லை. நானும் சேர்த்திதான்" என்று முத்திரை குத்திவிட்டார்.

அன்றிலிருந்து அரண்மனை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. உப்பு போதுமா என்று கேட்க முடியாமல் சமையல்காரர் எல்லாவற்றிலும் அள்ளிப் போட்டார். எங்கே வலி என்று கேட்க முடியாத வைத்தியர், பல்வலியோடு வந்த படைத்தளபதிக்குப் பேதி மருந்து கொடுத்து அனுப்பினார். ஆட்டு வழக்கு விசாரிக்க உட்கார்ந்த ராஜா, வெகுநேரம் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் நந்தவனத்தில் ஒரு நத்தையைக் கண்டு ஆசையாக மகளைக் கூப்பிட்டார். "இங்கே பாரம்மா. வீட்டை முதுகிலே தூக்கிக்கிட்டுப் போகுது."

முந்தி என்றால் நத்தையைக் கையில் எடுத்துக் கேள்வியாகக் கேட்டுத் தீர்த்திருப்பாள். இப்போது தினமும் பண்டிதரிடம் போய்வந்தவள், அவர் பழக்கியபடி கைகட்டி நின்று, "ஆம் மகாராஜா" என்றாள்.

அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. ஏன் இப்படி ஆனாய் என்று அவளைக் கேட்கவும் முடியவில்லை. ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பௌர்ணமியன்று திருக்கண்ணர் வாய் கட்டிய பானை ஒன்றைச் சபை நடுவில் கொண்டுவந்து வைத்தார். "இதற்குள் இருப்பதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில் கொண்டுவந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

பானைக்குள் டொக் டொக் என்று சத்தம். பண்டிதரின் கழுத்து நீண்டது. ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் கீச் என்றொரு குரல்.

"அட, உள்ளே என்னதான்யா இருக்கு?" பண்டிதருக்கு வாய் தவறிவிட்டது.

"அதானே, என்ன ஓய் அது?" என்றார் ராஜா கூடவே.

அமைச்சர் மேலே கூரை உத்தரத்தைப் பார்த்தார். "ஆணை தங்களுடையது, மகாராஜா."

மற்றதில் எப்படியோ, தாமே முத்திரை குத்திய ஆணையை ராஜா மீறவில்லை. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். பக்கத்தில் தொந்தியோடு மூச்சு வாங்கப் பண்டிதரும் போட்டார்.

சபை ஓரத்தில் கைகட்டி நின்ற நன்முல்லை வாயைப் பிளந்து பார்த்தாள். "அப்பா, நீங்க ஏன் தோப்புக்கரணம் போடுறீங்க?"

கேட்டபிறகுதான் அவளுக்கு உறைத்தது. பயந்துபோய்த் தன் காதுகளைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜா ஓடிவந்து அந்தக் கைகளை எடுத்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "வேண்டாம் கண்ணு. கேளு. இன்னொண்ணு கேளு."

அவள் அப்பாவையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். "உள்ள என்ன இருக்கு?"

"எனக்கும் தெரியலை. வா, பார்ப்போம்."

இருவரும் தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார்கள். வைக்கோலுக்குள் முட்டைகள். ஒன்றின் ஓட்டை உடைத்துக்கொண்டு ஒரு கோழிக்குஞ்சு வெளியே வந்துகொண்டிருந்தது.

"உள்ள இருட்டா இருக்குமே, எங்க உடைக்கணும்னு இதுக்கு யாரு சொன்னா?"

ராஜா பண்டிதரைப் பார்த்தார். மறைக்காடர் வாழ்நாளில் முதல்முறையாக, "தெரியாது மகாராஜா" என்றார்.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றித் திருக்கண்ணர் கழுத்தில் போட்டார். ஆணை போனது, மாந்தோப்புக் கூடம் நிலைத்தது. பண்டிதருக்குத் தினமும் காலையில் அங்கே வேலை: பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "வா, பார்ப்போம்" என்று மட்டுமே சொல்ல வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், அடுத்த மழையிலேயே வேட்டியெல்லாம் சேறாக, தவளைக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாட்டுத் தூதர் மறுபடி வந்தார். இந்தத் தடவை புருவத்துக்கும் சாயம் பூசியிருந்தார். நன்முல்லை போய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன கேட்கப் போகிறாளோ என்ற ஆசையில் ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.