உயிரை வாங்கிய வழக்கு

முழிப்பட்டிக்காரர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெடுவதற்கு முதலில் அது இருக்க வேண்டுமல்லவா? அந்த ஊர்ச் சபை இனிக் கொலை வழக்கையும் விசாரிக்கலாம் என்று ராஜா அதிகாரம் கொடுத்திருந்தார். ஆனால் ஊரில் ஒரு கொலைகூட விழவில்லை. நாட்டாமை மொக்கராசுவுக்கு அதில் மகா வருத்தம்.

அப்போதுதான் கொண்டையன் பெண்டாட்டி ஒச்சாயி கிணற்றடியில் அலுத்துக்கொண்டாள். குழம்பில் புளி தூக்கல் என்று புருஷன் காலையிலிருந்து நச்சரிக்கிறானாம். "இந்த மனுசன் என் உயிரை வாங்கிட்டாரு" என்றாள். அது தலையாரி சுப்பாண்டி காதில் விழுந்தது. சோற்றுக் கையைக் கழுவுவதற்குள் கொண்டையனைக் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள்.

உயிரை வாங்கினாயா என்று நாட்டாமை கேட்டார். கொண்டையன் பொய் சொல்லி அறியாதவன். தினமும் கொஞ்சம் வாங்குவேன் சாமி என்றான். கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறான் பாவி என்று சபை நடுங்கியது. தூக்கு என்று தீர்ப்பானது. 

ஒச்சாயி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். நான் உயிரோடுதானே இருக்கிறேன், அவரை விட்டுவிடுங்கள் என்று அழுதாள்.

"செத்தவ சாட்சி சொல்லலாமுங்களா?" என்று தலையாரி கேட்டான்.

நாட்டாமை நெடுநேரம் யோசித்தார். "சொல்லலாம். ஆனா, என் உயிர்மேல ஆணைன்னு சத்தியம் பண்ணணும். அதுக்கு அவகிட்ட உயிர் இல்லையேப்பா."

சபைக்கு நடுவில் பிணம் நிற்பதும் முறையல்ல, முதலில் எடுத்துவிடுவோம் என்று முடிவாயிற்று. நாலு பேர் பாடை கட்ட மூங்கில் வெட்டப் போனார்கள். ஒச்சாயிக்குப் பொறுமை போய்விட்டது.

"என் உயிரை வாங்குறது அவரு இல்லீங்க நாட்டாமை, நீங்கதான்!"

நாட்டாமை முகம் வெளுத்தது. ஆனாலும் நியாயஸ்தர். கொண்டையன் கட்டை அவிழ்க்கச் சொல்லி, அதே கயிற்றுக்குத் தன் கையை நீட்டினார். வேறு யார் உயிரையாவது வாங்கியிருக்கிறேனா என்று சபையைக் கேட்டார்.

கொண்டையன்தான் முதலில் கை தூக்கினான். "என்னுதையும் காலையிலேருந்து வாங்குறீங்க சாமி."

"என்னுதை வருசக்கணக்கா" என்றான் தலையாரி. அப்புறம் ஊரே கை தூக்கியது.

நாட்டாமை குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊரையே கொன்றவனுக்குத் தூக்குதான் என்று தன் வாயாலேயே தீர்ப்புச் சொன்னார். ஆனால் அவரைத் தூக்கில் போட உயிருள்ள ஆள் ஊரில் ஒருவர்கூட மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

இழவு விழுந்தபின் அப்படியே வீட்டுக்குள் போக முடியுமா? கொண்டையன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, ஊரே ஆற்றில் இறங்கித் தங்களுக்குத் தாங்களே தலைமுழுகிவிட்டு, ஈரத்துணியோடு வீடு போய்ச் சேர்ந்தது.