கட்டில் வைத்த லொறி

கூட வந்து நிற்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் காணாமல் போன மனுசனே, உம்மால்தான் குலசிங்கம் துறைமுகத்தில் ஒற்றை ஆளாக நின்றான். ஜப்பானிலிருந்து அவன் இறக்கிய பழைய லொறியைச் சுங்க அதிகாரி மறித்துவிட்டார். அது போனால் அவனுக்குப் பிழைப்பில்லை.

“சீட்டுக்குப் பின்னால கட்டில் இருக்கு. இது லொறியில்லை, ஓடுற வீடு. மூன்று மடங்கு வரி கட்டு, இல்லாட்டித் திருப்பி அனுப்பு.”

அவருடைய கதிரைக்குப் பின்னால் மத்தியான உறக்கத்துக்கு விரித்த கட்டிலும் தலையணையும் கிடந்தன. குலசிங்கம் திரும்பிப் போய், செருப்பை அலுவலக வாசலில் கழற்றிவிட்டு வந்தான்.

“செருப்பை ஏன் கழற்றினாய்?”

“இது உங்கட வீடெண்டு தெரியாமல் செருப்போட வந்திட்டன், ஐயா.”

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. அதிகாரி லொறிக்குரிய வரியை மட்டும் எழுதி முத்திரை குத்தினார்.

வவுனியா வரைக்கும் குலசிங்கம் தனியே ஓட்டுகிறான், வாய்திறந்து பேச ஆளில்லை. இந்த லொறியில் பங்காளி என்று சொன்னவர் நீர்தானே? இனியாவது வந்து பக்கத்தில் ஏறும்.