ஆலகாலமும் உடற்தகுதிச் சான்றும்

ரயில் ஓட்டுநர் வேலைக்கு வந்த மாசானம் கண், காது, நெஞ்சு என்று எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டான். ஆயினும், சிறுவயதில் நாகம் தீண்டியதை அவன் மறைக்காமல் சொன்னதும் தலைமை மருத்துவர் நமசிவாயம் பேனாவை மூடிவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசி, தம் சொல்லே வேதம் என்றிருப்பவர் அவர்.

“நஞ்சேறிய உடம்பை நம்பி ரயிலைக் கொடுப்பதா? நஞ்சு உள்ளே போயும் பெரும் பொறுப்பைத் தடுமாறாமல் நடத்தும் ஒருவரைக் காட்டு, கையெழுத்துப் போடுகிறேன்!”

மாசானம் அவர் தலைக்குமேல் மாட்டியிருந்த நடராசர் படத்தை நோக்கிக் கைகூப்பினான்.

“இவர் உண்டது ஆலகாலம், ஐயா. கழுத்து இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. கண்ணோ மூன்று. நிற்பதோ ஒற்றைக் காலில். ஆனாலும் அண்டமெல்லாம் ஓட்டுகிறார். தாங்களும் அதில்தான் பயணம் செய்கிறீர்கள்.”

“அடேய், அவர் கடவுளடா!”

“கடவுளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? தகுதியில்லை என்று முதலில் அவருக்கு எழுதுங்கள், ஐயா. பிறகு எனக்கு எழுதுங்கள்.”

வாசலில் வரிசையாக நின்றவர்கள் “சிவசிவா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மருத்துவர் வியர்த்து வழியக் கையெழுத்திட்டார்.

மாசானம் இன்று ரயில் ஓட்டுகிறான். நடராசர் படமோ மறுநாளே மருத்துவரின் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அறையில் தேறாமல் வீடு திரும்பியவர் எம்பெருமான் ஒருவரே.