பாதி வழியில் இறங்கிய அண்டா

“தாலியக் கழட்டியாச்சு, கோர்ட்டுல கையெழுத்தும் போட்டாச்சு. கடன் மட்டும் ஏன் சாமி என்னை விட மாட்டேங்குது?”

பூங்கோதை திருப்பூரிலிருந்து மூன்று பஸ் மாறி அந்த மடத்துக்கு வந்திருந்தாள். வந்த கோபத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாமிக்கு ஞானதேசிகர் என்று அழகான பேர் உண்டு. கரண்டியும் கையுமாகவே பார்த்துப் பழகிய ஊர் அவரைச் சோத்துச்சாமி என்றுதான் கூப்பிட்டது. அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது.

“முழுசாச் சொல்லு அம்மிணி.”

“கல்யாணமான புதுசுல அவரு பனியன் கம்பெனிக்கு பேங்குல லோன் வாங்குனாருங்க. நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டேன். விவாகரத்துல, கடன் பூராவும் அவரே கட்டோணும்னு ஜட்ஜே எழுதிக் குடுத்துட்டாரு. இப்ப அவரு திவால்னு மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டாருங்க. பேங்குக்காரங்க என்ற வீட்டுக்கு வந்துட்டாங்க. ஏலம் விடுவாங்களாம்.”

“ஜட்ஜு எழுதுனதைக் காட்டுனியா?”

“காட்டுனேன். ‘அது உங்க ரெண்டு பேருக்குள்ள’ங்கறாங்க.”

“அவரு இப்ப என்ன பண்றாரு?”

“எவனோ ஒருத்தன் கம்பெனியில கூலிக்கு பனியன் பீஸ் மடிச்சுட்டு இருக்காராம். எல்லாம் நடிப்புங்க. என்னைத் தெருவுல நிறுத்தோணும்னே பண்ணியிருக்காரு.”

சாமி வாசலை எட்டிப் பார்த்தார். அமாவாசை அன்னதானத்துக்கு நூறு பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேரமாச்சு. அண்டாவுக்கு ஒரு கை குடு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு போகிறதே என்று ஓடி வந்தால் சோறு சுமக்கச் சொல்கிறாரே இந்த மனுஷர்! ஆனாலும் செருப்பை உதறிவிட்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள்.

பாதி தூரம் வந்திருப்பார்கள். சாமி பக்கம் அண்டா தொப்பென்று இறங்கியது. சாம்பார் சாதம் தரையில் சிந்தியது. பூங்கோதைக்குத் தோள்பட்டையே கழன்றுவிட்டது போலிருந்தது.

“என்ன சாமி, இப்பிடி விட்டுட்டீங்களே!”

அவர் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

“ஐயோ, கை என்னாச்சுங்க?”

“ஒரு வாரமா வலி. தாங்கும்னு நெனச்சேன். தாங்கல.”

பந்தியில் எல்லோரும் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாமி விட்டுட்டாருன்னு அவங்ககிட்டப் போய்ச் சொல்லிப் பாரேன்,” என்றார் சாமி.

“அவங்களுக்கு என்னங்க அது? அவங்க பசி அவங்களுக்கு.”

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள்.

தனியாக அண்டாவைத் தூக்கிப் பார்த்தாள். அது அசையவே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்து ஒரு வாளியை எடுத்தாள். அள்ளி அள்ளிக் கொண்டுபோய்ப் பரிமாறினாள். இடுப்பு ஒடிந்துபோனது. கடைசி இலைக்குச் சோறு விழுந்தபோது முதல் இலைக்காரர் கைகழுவி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் பசியோடு எழுந்து போகவில்லை.

“நாளைக்குப் பேங்குக்குப் போறேனுங்க,” என்றாள், வாளியைக் கழுவிக்கொண்டே. “மொத்தமா என்னால ஆகாது, மாசாமாசம்னா கட்டறேன்னு கேட்டுப் பாக்கறேன்.”

“கேளு.”

சாமி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து மணிக்கட்டில் பூசிக்கொண்டிருந்தார். இடது கை வேலை அவ்வளவு லட்சணமாக இல்லை.

“நான் விட்டப்ப என்ன சொன்ன அம்மிணி?”

“கோவிச்சுக்காதீங்க சாமி. விட்டுட்டீங்களேன்னு கத்திப்போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் உங்க கையப் பார்த்தேனுங்க.”

வாளிக்குள் அவள் கை நின்றுவிட்டது.

“அவரு எந்தக் கம்பெனியில பீஸ் மடிக்கறாருன்னுகூட நான் கேக்கலீங்க,” என்றாள்.