பூங்கோதை வேண்டாமென்ற வேலை

தணிகாசலம் சம வாய்ப்பு அதிகாரி. சாதியைச் சொல்லியோ, பெண்ணென்றோ, உடற்குறை என்றோ யாருக்கும் அரசு வேலை மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். மேடை கிடைத்தால் அரை நாள் பேசுவார். ஆனாலும் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று மலையடிவாரத்து மடத்துக்கு வந்தபோது அவர் முகம் செத்துக் கிடந்தது. மடத்துத் தலைவி சிவகாமவல்லி அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் தணிகாசலம்தான் சீடர்.

"என்ன, யாரோ அடிச்ச மாதிரி வர்றீங்க?"

"நேத்து ஹெல்ப்லைன் வேலைக்கு இன்டர்வியூமா. பூங்கோதைன்னு கண் தெரியாத பொண்ணு வந்தா. நானே எழுந்துபோய்க் கையப் பிடிச்சு உக்கார வச்சேன். வேலை உனக்குத்தான், பயப்படாதேன்னேன். வேண்டாம் சார்னு எழுந்து போயிட்டா. அவ சம்பாதிச்சாத்தான் வீட்ல உலை கொதிக்கும். எதுக்கும்மா இவ்வளவு வீம்பு?"

"சாயங்காலம் பாப்போம்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்தியில் சீடர்கள் உட்கார்ந்ததும், வாரம் முழுக்கப் படித்ததை அம்மாள் குடைந்து குடைந்து கேட்பார். கண் கலங்காமல் எழுந்தவர்கள் குறைவு. அந்தக் கேள்விகளுக்காகவே தணிகாசலம் பஸ் பிடித்து வருவார். இந்த வாரம் விழுந்து விழுந்து படித்திருந்தார்.

முதல் சீடருக்கு நாக்குக் குழறியது. அடுத்தவருக்குத் திட்டு விழுந்தது. பிறகு இவர் முறை.

"முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லைமா."

"பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"திரும்பிப் போகத் துணைக்கு யாரு?"

"நானே போயிடுவேன்மா."

"ரொம்ப சந்தோஷம். நீங்க தேறிட்டீங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க."

அம்மாள் அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். யாரோ சிரித்தார்கள். தணிகாசலத்துக்குக் காது மடல் சுட்டது.

"அம்மா, படிச்சதை ஒண்ணுமே கேக்கலையே?"

"உங்களுக்கும் வயசாச்சு. பதில் வராதேன்னு இரக்கப்பட்டு விட்டுட்டேன்."

"வராதுன்னு நீங்களே எப்படிம்மா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அந்தப் பொண்ணை என்ன கேட்டீங்க?"

"யார்கூட வந்தேன்னு கேட்டேன். சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கலைமா."

அவருக்கு உடம்பே கூசியது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் எத்தனை பேரை இப்படித் தடவிக்கொடுத்தே அவமானப்படுத்தினோமோ என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"முடிவு இன்னும் அனுப்பலைமா," என்றார் கடைசியில். "நாளைக்கே அவ வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கறேன். மத்தவங்களைக் கேட்ட மாதிரியே அவளையும் கூப்பிட்டுக் கேக்கறேன். எப்படியும் வேலை அவளுக்குக் கிடைச்சுடும்."

"அதை இப்பவே முடிவு பண்ணாதீங்க," என்றார் அம்மாள். "தோத்துப்போகவும் அவளுக்கு இடம் விடுங்க."